கட்டடம் எழும்பும் தெருவில் காய்ச்சல் பெருகும் கணக்கு

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு தெருவில் பெரிய கட்டடம் எழும்ப ஆரம்பித்தால், சில மாதத்தில் அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பும். "அந்த வடநாட்டுப் பசங்க வந்து தங்கினதுலேர்ந்துதான் தெருவுல ஜுரம்." ஜுரம் கூடியிருப்பது பல சமயம் உண்மைதான். காரணம் சொல்லும் இடத்தில்தான் பேச்சு தடம் மாறுகிறது. தொற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்பதற்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்று உண்டு. அது தெரிந்தால், கட்டட வேலை நடக்கும் இடத்தில் எது நோயைப் பெருக்குகிறது, எது பெருக்கவில்லை என்று நாமே பார்த்துச் சொல்லிவிடலாம். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

தொற்று உள்ள ஒருவர், குணமாவதற்குள் சராசரியாக எத்தனை பேருக்கு அதைக் கொடுக்கிறார்? இதைத்தான் பெருக்க எண் என்கிறோம். கொரோனா காலத்தில் 'ஆர் மதிப்பு' என்று செய்திகளில் தினமும் அடிபட்டது இதுவே. எண் 1-க்கு மேல் இருந்தால் நோய் வளரும். 1-க்குக் கீழே இருந்தால் சில சுற்றுகளில் அடங்கிவிடும். ஒருவர் இரண்டு பேருக்குக் கொடுக்கிறார், அந்த இருவர் நான்கு பேருக்குக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் பத்தாவது சுற்றில் மட்டும் 1,024 பேர். மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அசல் சின்னதுதான், அது குட்டி போடும் வேகம்தான் ஆளை விழுங்கும்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? மூன்று விஷயங்களைப் பெருக்கினால் வருகிறது. தொற்று உள்ளவர் ஒரு நாளில் எத்தனை பேரோடு நெருங்கியிருக்கிறார் என்பது ஒன்று. ஒவ்வொரு நெருக்கத்திலும் நோய் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு என்பது இன்னொன்று. பிறருக்குக் கொடுக்கும் நிலையில் அவர் எத்தனை நாள் இருக்கிறார் என்பது மூன்றாவது. ஒரு கற்பனை உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒருவர் தினமும் 4 பேரோடு நெருங்குகிறார், ஒட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 5, ஐந்து நாளில் குணம். பெருக்கினால் 1. நோய் அப்படியே தள்ளாடி நிற்கும். அதே ஆள் மருந்துக்குப் போகாமல் பத்து நாள் இழுத்தால் 2. அவரே இன்னும் 12 பேர் படுக்கும் கொட்டகையில் தங்கியிருந்தால் 6. கிருமி மாறவில்லை, ஆளும் மாறவில்லை.

அவர் பாலாசோரிலிருந்து வந்தாரா, ஸ்ரீகாகுளத்திலிருந்து வந்தாரா, விழுப்புரத்திலிருந்து வந்தாரா என்பதற்கு இந்தப் பெருக்கலில் இடமே இல்லை. வெளியூர்க்காரர் முதல் கிருமியைக் கொண்டுவரலாம், அதை மறுக்க முடியாது. ஆனால் அது அவரோடு நிற்குமா, தெருவெல்லாம் ஓடுமா என்பதை முடிவு செய்பவை இந்த மூன்றும்தான். மூன்றில் முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம்: நெரிசல், சுத்தம், முகக்கவசம், கொசு மருந்து. மூன்றாவதான 'எத்தனை நாள்' என்பதைக் கட்டட வேலையில் யாரும் எண்ணுவதே இல்லை. என் கணிப்பில் அதிகச் சேதம் அங்கேதான் நடக்கிறது. அதற்கு வருகிறேன்.

தளம் போட்ட பின் நிற்கும் தண்ணீர்

முதலில் மலேரியா. வட சென்னையில் யாரைக் கேட்டாலும் கால்வாயைக் கை காட்டுவார்கள். பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், ஓட்டேரி நல்லா என்று சாக்கடை ஓடும் வழிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கிருந்து கிளம்பும் கொசுப் படையும் கற்பனை இல்லை. ஆனால் அந்த அழுக்கு நீரில் வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. அது கடிக்கும், தூங்கவிடாது, யானைக்கால் நோயைப் பரப்பும். மலேரியாவைப் பரப்பாது.

நகரத்து மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு. அதற்குச் சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். மூடாத மேல்நிலைத் தொட்டி, கிணறு, சம்ப், கட்டட வேலைக்குப் பிடித்து வைத்த தண்ணீர் எல்லாம் அதற்கு உகந்த இடங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸும் நல்ல தண்ணீர்க் கொசுதான். அதற்குச் சின்னப் பாத்திரம் போதும்: பெயின்ட் டப்பா, தார்ப்பாய் மடிப்பு, கிடந்த டயர். ஸ்டீபன்சி இரவில் கடிக்கும், ஏடிஸ் பகலில் கடிக்கும். அதனால் கொட்டகையில் தூங்குபவருக்கு முன்னது, வேலைத்தளத்தில் நிற்பவருக்குப் பின்னது என்று இருபத்துநாலு மணி நேரமும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

இப்போது ஒரு கட்டடத்துக்குள் போய்ப் பார்ப்போம். ரூஃப் காங்கிரீட் போட்டு முடித்ததும் அது வலுப்பெற ஈரமாகவே இருக்க வேண்டும். மேஸ்திரி தளத்தின் மேல் சிமென்ட் கலவையாலோ மண்ணாலோ சின்ன வரப்பு வைத்துப் பாத்தி கட்டுவார், அதில் தண்ணீர் நிறுத்துவார். க்யூரிங் என்று எல்லோருக்கும் தெரியும். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் தண்ணீர் வைக்க வேண்டும் என்பது கட்டுமான விதி. சென்னை வெயிலில் ஸ்டீபன்சி கொசுவின் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க எத்தனை நாள் ஆகும்? ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாள். நல்ல காங்கிரீட்டுக்குத் தேவையான நாளும், ஒரு தலைமுறைக் கொசுவுக்குத் தேவையான நாளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது ஒரு கெட்ட தற்செயல். ஒவ்வொரு மாடிக்கும் தளம் போடும்போது இது திரும்ப நடக்கிறது. லிஃப்ட் குழி, அடித்தளப் பள்ளம், செங்கல் நனைக்கும் தொட்டி, டிரம் ஆகியவை தனிக்கணக்கு. அவற்றில் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும்.

இதைச் சரிசெய்யத் தண்ணீர் வைப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை, வீடு விரிசல் விட்டுவிடும். ஐந்து நாளுக்கு ஒருமுறை பாத்தியை உடைத்து நீரை முழுதாக ஓடவிட்டு, அன்றே புதுத் தண்ணீர் கட்டினால் போதும். காங்கிரீட் காயாது, ஓடிய நீரோடு போன புழு தரையில் கிடந்து செத்துவிடும். தூண்களுக்குச் சாக்கு சுற்றித் தண்ணீர் தெளிப்பது போலத் தளத்துக்கும் ஈரச் சாக்கு பரப்பினால் நீர் தேங்கவே தேங்காது. வடிக்க முடியாத லிஃப்ட் குழிக்கு மாநகராட்சியின் மலேரியா ஊழியர்கள் கொசுப் புழுவைக் கொல்லும் 'அபேட்' மருந்து ஊற்றுவார்கள். அவர்களைக் கேட்டுக்குள் விட்டால்தான் ஊற்ற முடியும் என்பது வேறு விஷயம். வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமல் "இன்ஜினியர் இல்ல, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவது இங்கே வாடிக்கை.

கொசுவை முழுதாக ஒழிக்க முடியாதே, பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இதே கேள்வியை நூறு ஆண்டுக்கு முன்பே ஒருவரிடம் கேட்டார்கள். ரொனால்ட் ராஸ், 1881-ல் சென்னை ராஜதானியின் மருத்துவப் பணியில் சேர்ந்தவர். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார், 1902-ல் நோபல் பரிசு வாங்கினார். எல்லாக் கொசுவையும் கொல்லத் தேவையில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தால் மலேரியா தானே அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவரும் அவர்தான். பெருக்க எண்ணை 1-க்குக் கீழே இறக்குவது என்று நாம் மேலே பார்த்த அதே யோசனை.

அதன் உள்விவரம் சுவையானது. ஒரு கொசு மலேரியாவைப் பரப்ப இரண்டு முறை கடிக்க வேண்டும். முதலில் நோயுள்ளவரைக் கடித்துக் கிருமியை வாங்க வேண்டும். அது கொசுவின் உடம்பில் முற்றச் சுமார் பத்து நாளாகும். அதற்குப் பிறகுதான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். அந்தப் பத்து நாள் அது உயிரோடு இருக்க வேண்டுமே! தினமும் நூற்றுக்கு 90 கொசு பிழைத்தால் பத்து நாள் தாண்டுபவை 35. தினமும் 80 பிழைத்தால் தாண்டுபவை 11-தான். சின்ன இடைஞ்சலே பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கிறது. கொட்டகைக்குக் கொசுவலை வாங்கிக் கொடுப்பதை வெட்டிச் செலவு என்று நினைக்கும் ஒப்பந்தக்காரர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்க்கலாம்.

நம் ஊர்ப் பழைய ஸ்டீபன்சி இப்போது வெளிநாடும் போயிருக்கிறது. ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டில் 2012-ல் முதலில் அது தென்பட்டது. மலேரியாவை ஏறக்குறைய ஒழித்துவிட்ட அந்நாட்டில் அந்த ஆண்டு பதிவானவை 27 நோயாளிகள்தான். 2020-ல் 73,000-க்கு மேல். அந்தப் பெருக்கத்தில் ஸ்டீபன்சிக்குப் பெரிய பங்கு உண்டு என்பது ஆய்வாளர்களின் முடிவு. கிராமத்து மழைக் குட்டைகளை நம்பி வாழும் ஆப்பிரிக்கக் கொசுக்களைப் போல இல்லாமல், இது நகரத்துத் தொட்டியிலும் கட்டடப் பள்ளத்திலும் வருடம் முழுக்க வளரக்கூடியது. சென்னைக்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

சரி, கிருமி எங்கிருந்து வருகிறது? 1990-களோடு ஒப்பிட்டால் சென்னையில் மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காட்டு மாவட்டங்களில் இன்னும் மிச்சமிருக்கிறது. அங்கிருந்து வரும் ஒருவர் உடம்பில் கிருமியோடு சென்ட்ரலில் இறங்கலாம். ஆனால் கடித்த நாளிலிருந்து காய்ச்சல் வர ஒன்றரை வாரம், இரண்டு வாரம் ஆகும். ஆகவே வந்திறங்கிய முதல் வாரத்தில் காய்ச்சல் என்றால் ஊரிலிருந்து வந்தது. இரண்டு மாதம் கழித்து வந்தால்? மாடியில் நிற்கும் தண்ணீர்க் கொசு கொடுத்ததாக இருக்கலாம், அல்லது பழைய கிருமி மீண்டும் எழுந்ததாக இருக்கலாம். வைவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் பதுங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து மறுபடி கிளம்பும்.

அதனால்தான் வைவாக்ஸுக்கு இரண்டு மருந்து. குளோரோகுயின் மூன்று நாள், பிரைமாகுயின் பதினான்கு நாள். மூன்றாம் நாளே ஜுரம் விட்டுவிடும், உடம்பு தேறிவிடும். மிச்சம் பதினொரு நாள் மாத்திரையை நல்ல உடம்போடு விழுங்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? வேலைத்தளம் மாறினால் மாத்திரைப் பட்டையும் பழைய கொட்டகையிலேயே கிடக்கும். இரண்டு மாதம் கழித்து மணலியிலோ மீஞ்சூரிலோ அடுத்த தளத்தில் அவருக்குக் குளிர் ஜுரம் வரும், அங்கேயும் பாத்தியில் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்.

கொட்டகைக்குள் சுற்றும் காற்று

காசநோயின் வழி காற்று. நோயுள்ளவர் இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். வெளியில் நடந்து போகும்போது யாரோ இருமினார் என்பதால் காசநோய் ஒட்டுவது அபூர்வம். ஒரே அறையில் இரவு இரவாகச் சேர்ந்து தூங்குவதால்தான் ஒட்டுகிறது. தகரக் கொட்டகையில் ஜன்னல் என்று ஒன்று இருந்தாலும் ராத்திரி அதை அடைத்துவிடுவார்கள், கொசு. மேலே பார்த்த தண்ணீர் இங்கே வந்து ஜன்னலைச் சாத்தி இன்னொரு நோய்க்குக் கதவு திறக்கிறது. ஒரு நோய்க்கு ஒரு திட்டம், இன்னொன்றுக்கு வேறு துறை என்று அரசாங்கம் பிரித்து வைத்திருந்தாலும் கொட்டகை அப்படிப் பிரிந்து இயங்குவதில்லை.

கட்டட வேலையில் இன்னொரு கூடுதல் கேடு, தூசி. கிரானைட், டைல்ஸ் அறுப்பது, சுவரைத் துளைப்பது, கல் உடைப்பது எல்லாமே சிலிக்கா தூசியைக் கிளப்பும். நுரையீரலுக்குள் போன சிலிக்கா, கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய செல்களையே பழுதாக்கிவிடும். அந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்தவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். சாதாரணமாகக் காசநோய்க் கிருமி உள்ளே போன நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும். மற்றவர்களுக்கு அது உறங்கியே கிடக்கும். அந்த உறக்கத்தைக் கலைப்பவை தூசி, பட்டினி, சர்க்கரை நோய், குடி, சிகரெட். தளத்தில் தண்ணீர் விட்டு அறுத்தாலே தூசி பாதிக்குமேல் குறையும். வாய்க்குக் கட்டும் கைக்குட்டை இந்த நுண்தூசியைத் தடுக்காது.

நாள் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கான சான்று நம் ஊரிலேயே கிடைத்தது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இப்போது அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைப்பதுதான் வழக்கம். வீட்டில் வைத்தால் குடும்பமே போய்விடும் என்று பயம். சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சானடோரியத்திலும் இன்னொரு குழுவுக்கு அவர்களுடைய நெரிசலான வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-ல் வெளிவந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். அதைவிட முக்கியம், வீட்டில் கூட இருந்தவர்களுக்கு நோய் தொற்றியது சானடோரியக் குழுவின் குடும்பங்களைவிட அதிகமில்லை.

இதன் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். மருந்து ஆரம்பித்த பின் நோயாளி பிறருக்குக் கொடுப்பது வேகமாகக் குறைந்துவிடுகிறது. கொடுக்க வேண்டியதை எல்லாம் அவர் பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே கொடுத்துவிடுகிறார். அதாவது பெருக்க எண்ணைத் தீர்மானிப்பது முதல் இருமலுக்கும் முதல் மாத்திரைக்கும் இடையில் ஓடும் நாட்கள். வைத்தியம் பார்க்கும் நோயாளியைக் கொட்டகையை விட்டுத் துரத்துவதால் பயன் குறைவு. கண்டுபிடிக்காமல் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரிடம்தான் ஆபத்து இருக்கிறது.

தண்ணீர் வழி வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லாரித் தண்ணீர் டிரம்மில் நிரம்பும், ஒரே சொம்பை எல்லோரும் முக்குவார்கள், இரண்டு கழிப்பறைக்கு ஐம்பது பேர். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலையில் ஏ, ஈ வகைகள் எல்லாம் இந்த வழியாக வருபவை. 1992-ல் உலகத்துக்கே புதிதான ஒரு காலரா வகை, ஓ139 என்று பெயரிட்டது, முதலில் அடையாளம் காணப்பட்டது சென்னையில்தான். அது பிறகு வங்காளம், வங்கதேசம் வரை போனது. டிரம் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம்தான் ஆகும். மழைக்காலத்தில் பள்ளத்து நீரில் வெறுங்காலோடு இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். எலி மூத்திரம் கலந்த நீர், காலில் உள்ள வெட்டுக்காயம், இரண்டும் சேர்ந்தால் போதும். அங்கே கம்பூட்ஸ்தான் மருந்து.

யாரும் எண்ணாத நாட்கள்

இப்போது மூன்றாவது எண். ஒரு கம்பி கட்டும் ஆளுக்குத் திங்கட்கிழமை ராத்திரி குளிர் ஜுரம். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் இருக்கிறது, மேஸ்திரியிடம் வாங்கிய அட்வான்ஸ் இருக்கிறது. அவர் மெடிக்கலுக்குப் போய் "ஜுரத்துக்கு ஒரு செட் மாத்திரை" வாங்குவார். பாராசிட்டமால் ஜுரத்தை இறக்கும், கிருமியைத் தொடாது. வேலைக்கு வந்துவிடுவார். வியாழக்கிழமை மறுபடி, மறுபடி ஒரு செட். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இலவசமாகப் பார்ப்பார்கள். ஆனால் அது திறந்திருக்கும் நேரம் பெரும்பாலும் பகல், அவர் சாரத்தில் நிற்கும் நேரம். அங்கே போனாலும் ஒடியா பேச யாரும் இல்லை. இப்படி ஒரு வாரம், பத்து நாள். மேலே போட்ட கற்பனைக் கணக்கில் 1 என்பது 2 ஆனது இப்படித்தான்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை என்று நினைக்கிறேன். பத்து மணிக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்தால் அரை நாள் கூலி பிடிப்பேன் என்று சொல்லும் ஒப்பந்தம்தான் அந்தப் பத்து நாளை உண்டாக்குகிறது. கொட்டகை இலவசமாக, தனிச் சமையலிடம், குளியலிடம், கழிப்பறையோடு தர வேண்டும் என்று 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அதைப் பின்பற்றிய தளங்களை எளிதாக அடையாளம் காணலாம், எண்ணிக்கை அவ்வளவு குறைவு.

இருப்பிடத்தின் பங்கைத் துல்லியமாகக் காட்டும் எண்கள் சிங்கப்பூரில் கிடைத்தன. 2020-ல் அங்கே விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சுமார் 3,23,000 பேர். அறைக்குப் பத்து, பதினைந்து பேர். தமிழ்நாட்டிலிருந்து போன ஆயிரக்கணக்கானவர்களும் அதில் உண்டு. அந்த ஆண்டு முடிவுக்குள் நூற்றுக்கு 47 பேருக்குக் கொரோனா தொற்றியிருந்தது. அதே ஊரில், விடுதிக்கு வெளியே வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. அதே கிருமி, அதே காலம், அதே அரசாங்கம். அங்கே நம் பையன்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் சொன்னதற்கும், இங்கே நாம் பீகார்ப் பையன்களைப் பார்த்துச் சொல்வதற்கும் அதிக தூரமில்லை.

தளத்தின் தகர வேலி நோயைத் தடுப்பதில்லை. ஸ்டீபன்சி சில நூறு மீட்டர் சர்வசாதாரணமாகப் பறக்கும். புளியந்தோப்பு, காசிமேடு போல வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் அது எத்தனை குடும்பம் என்று யோசித்துப் பாருங்கள். தளத்தில் வேலை செய்யும் எல்லோரும் வெளியூர்க்காரர்களும் இல்லை. சித்தாள் வேலைக்கு வரும் அக்காக்கள் பலர் இதே வட்டாரம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு படுப்பார்கள். தெருமுனை இட்லிக் கடையில் ஒரே பெஞ்சில் எல்லோரும் உட்காருவார்கள். பாதி கட்டிய வீட்டிலேயே குடும்பத்தோடு தங்கும் வாட்ச்மேன் வீட்டுக் குழந்தைகளை நான் தனியாகக் கவனிக்கச் சொல்வேன். ஊர் ஊராக நகர்வதால் அவர்களுக்குத் தடுப்பூசி விட்டுப் போயிருக்கும். தட்டம்மையின் பெருக்க எண் 12-லிருந்து 18 வரை. நாம் பேசிய காற்று வழி நோய்களில் அதைத் தாண்டியது எதுவும் இல்லை. ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று என இரண்டு ஊசி. அங்கன்வாடியில் எந்த ஊர்க் குழந்தைக்கும் போடுவார்கள்.

பதிலுக்கு இங்கிருந்து நோய் ஊருக்கும் போகிறது. தீபாவளி, சத் பூஜை, அறுவடை என்று ரயிலேறுபவர் சென்னையில் வாங்கிய காசநோயோடு கிராமத்தில் இறங்கினால் அந்த வீட்டில் தொடங்கும். அந்தக் கிராமத்தில் "மதராஸ் போய் வந்ததிலிருந்து" என்று ஒரு பேச்சு நிச்சயம் இருக்கும்.

நாள் எண்ணிக்கையை எப்படிக் குறைப்பது என்று வட சென்னைக்குத் தெரியாமல் இல்லை. 2020 மே, ஜூனில் சென்னையிலேயே அதிகத் தொற்று இருந்தது ராயபுரம் மண்டலத்தில். அப்போது மாநகராட்சி தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டது, தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய்க் கேட்டார்கள். நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரி தெருவுக்கு வந்தது. வடசென்னை வளர்ச்சித் திட்டம், மெட்ரோ இரண்டாம் கட்டம், வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவது என்று இவ்வளவு வேலை நடக்கும் பகுதியில், வாரம் ஒரு நாள் இரவு ஏழு மணிக்கு மேல் கொட்டகை வாசலிலேயே ஒரு முகாம் போடுவது பெரிய செலவில்லை.

நீங்கள் தளம் நடத்துபவராகவோ, மேஸ்திரியாகவோ, வீடு கட்டிக்கொண்டிருப்பவராகவோ இருந்தால் சில விஷயங்களை மனதில் வையுங்கள். காய்ச்சல் வந்த ஆளை அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். கூலியில்லாமல் அனுப்பினால் அடுத்தவர் காய்ச்சலை மறைப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை, கூடத் தங்கியிருக்கும் எல்லோருக்கும் சேர்த்து. வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே ஆரம்பிக்க வேண்டும்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நிற்காமல் போனால் தொண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையோ ஸ்டான்லியோ. பக்கத்துத் தளத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்க்கும் தெருக்காரர் 1913-க்குச் சொல்லலாம், மருத்துவச் சந்தேகத்துக்கு 104.

மாத்திரை விஷயத்தில் மட்டும் ஒரு ஏற்பாடு தேவை. பிரைமாகுயின் பதினான்கு நாளை மேஸ்திரி கையிலேயே வைத்துக்கொண்டு தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கு அது கூடாது, டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து இலவசம், சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். பதிவு செய்யும்போது கொடுக்கும் நிக்ஷய் எண்ணை ஆள் போனிலும் மேஸ்திரி நோட்டிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து எண்ணூருக்குப் போனாலும் புவனேஸ்வருக்குத் திரும்பினாலும் அந்த எண்ணைக் காட்டி அங்குள்ள அரசு மையத்தில் மிச்ச மருந்தை வாங்கிக்கொள்ளலாம்.